மண்டபம் முதலா, சபை முதலா?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை உத்திரமேரூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுக்களைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஏரியையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பியதன் பலன் அது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீர் கரை தளும்பி நின்றது. எங்கேயோ ஒரு கோயிலில் யாரோ நாதஸ்வரத்தில் கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்தவர் எவ்வளவு தூரத்தில் இருந்தாரோ தெரியாது. ஒவ்வொரு ஸ்வரமும் பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல் தெளிவாய்க் கேட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மாலை வேளையில் நீரை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போகப் பார்க்கும் ஒலி வளைந்து மறுபடி கீழே வருகிறது. விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் இது. ஆனால் கல்யாணி காதில் விழும்போது விஞ்ஞானம் யாருக்கு நினைவு வருகிறது? நம்முடன் வந்திருந்த நண்பர் பரவசமாகிவிட்டார்.

"இந்த இடத்தில் ஒரு சங்கீத மண்டபம் கட்டிவிட்டால் எப்படி இருக்கும், ஸார்! கண்ணாடியும் கான்கிரீட்டுமாக, தண்ணீரில் நிழல் விழும்படி!" என்றார்.

நண்பரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நீர்க்கரையில் இசை கேட்பது நமக்குப் புதிதன்று. திருவையாற்றில் காவேரிக் கரையில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் கைப்பொருளைக் கொண்டு எழுப்பிய சமாதியின் முன், ஆண்டுதோறும் வித்வான்கள் தரையில் அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். அங்கே பந்தல்தான் மண்டபம். ஆனால் உலகத்திலோ நீர்க்கரை மண்டபங்கள் இப்போது பிரமாதப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றின் கதைகளையும் சற்றுக் கேட்க வேண்டும்.

ஸிட்னி நகரத்துத் துறைமுகத்தில் பாய் விரித்த கப்பல்போல் நிற்கும் மண்டபத்தைப் படத்திலாவது பார்க்காதவர் யார்? 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-ல் முடிந்துவிடும் என்று சொல்லித் தொடங்கினார்கள். 10 கோடியே 20 லட்சம் டாலர் விழுங்கிவிட்டு 1973-ல் திறந்தது. பெரும் பகுதிப் பணம் லாட்டரிச் சீட்டு விற்று வந்தது. வரைபடம் போட்ட டென்மார்க் தேசத்துச் சிற்பி உட்ஸன், சர்க்காருடன் மனஸ்தாபப்பட்டு 1966-ல் ஊர் போய்ச் சேர்ந்தார். கட்டி முடிந்த மண்டபத்தை அவர் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு, உள்ளே ஒலி சரியாக இல்லை என்ற புகார் தீர, 2020-ல் மூடி 2022-ல் மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒரு பழைய கோக்கோக் கிடங்கின் தலைமேல் 2017-ல் ஒரு மண்டபம் திறந்தார்கள். கப்பல்களின் ஊதல் உள்ளே வரக்கூடாதென்று அந்த அரங்கத்தையே 362 சுருள் வில்களின்மேல் தாங்க வைத்திருக்கிறார்கள். நகரத்தின் பங்கு 7 கோடியே 70 லட்சம் யூரோ என்று ஆரம்பித்தது. கடைசியில் பத்து மடங்கைத் தாண்டியது. சிங்கப்பூரில் 2002-ல் திறந்த எஸ்பிளனேட் மண்டபம் முள்ளுத் தோல் போர்த்த டுரியான் பழம்போல் இருக்கிறதென்று ஊரே சிரித்தது. ஆனால் அங்கே நீரோரத் திறந்த அரங்கில் காசில்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். ஆண்டுதோறும் 'கலா உத்ஸவம்' என்று இந்தியக் கலைகளுக்கு ஒரு விழாவும் நடத்துகிறார்கள். சிரித்த ஊர் இப்போது அங்கேதான் போய்க் கூடுகிறது.

இவையெல்லாம் தூர தேசத்துச் சமாசாரம். நம் தமிழ் மக்களிடையே அண்மையில் ஒரு நீர்க்கரை மண்டபம் எழுந்திருக்கிறது. அது யாழ்ப்பாணத்தில், புல்லுக்குளத்தின் கரையில் இருக்கிறது. பக்கத்திலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-ல் சுமார் 97,000 புத்தகங்களோடு எரிந்து, பின்னர் மீண்டும் எழுந்த அதே நூலகம். அதன் அருகே கலைக்கு ஒரு வீடு வேண்டுமென்று இந்திய சர்க்கார் சுமார் 1 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர் செலவில் இதைக் கட்டிக் கொடுத்தது. 2015-ல் அடிக்கல், 2022-ல் தொலைவிலிருந்தே ஒரு திறப்பு, 2023 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு அர்ப்பணம். அறுநூறு பேர் அமரக்கூடிய அரங்கம், பொருட்காட்சிச்சாலை, பல மாடிக் கல்விக் கோபுரம், திறந்த சதுக்கம் எல்லாம் உண்டு. தவிலில் தெட்சணாமூர்த்தியைத் தந்த மண், நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு விடியும்வரை விழித்திருந்த மண், நீண்ட யுத்தத்துக்குப் பிறகு பெற்ற மண்டபம் இது. குளத்தில் அதன் நிழல் விழுவதை எண்ணும்போது நமக்கு உள்ளம் குளிர்கிறது.

ஆனால் திறப்பு விழாவுக்கு முன்பே அந்த ஊரில் ஒரு கேள்வி எழுந்தது. மின்சாரக் கட்டணம், குளிர்சாதனம், துப்புரவு, சிப்பந்திகள் சம்பளம் ஆகிய இவற்றை யார் தாங்குவது? மாநகர சபையின் வருமானத்துக்கு இந்த யானையைக் கட்டித் தீனி போட முடியுமா? 2025 ஜனவரியில் மண்டபத்துக்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். பெயரில் யாழ்ப்பாணத்தைக் காணோமே என்று ஜனங்கள் ஆட்சேபித்தார்கள்; ஊர்ப் பெயரும் சேர்க்கப்பட்டது. அது நியாயமான ஆட்சேபம் என்றே நாம் கருதுகிறோம். தம் ஊர்ப் பெயர் வேண்டுமென்று கேட்பவர்கள், அது தம்முடைய மண்டபம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் பெயர்ப் பலகை வர்ணம் மங்காமலிருக்க, முதல் கேள்விக்கும் விடை வேண்டும்.

அந்த விடை உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் அங்கே கூடிய சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி வந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. இந்த ஒரு விதியை இன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தால் நம் நாட்டுச் சபாக்கள் சிலவற்றுக்குக் காரியதரிசி அகப்படுவது துர்லபமாகிவிடும்!

அந்தச் சபையில் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்குத்தான் இடம். பெண்களுக்கும், சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கும் இடமில்லை. அந்தக் குறையை நாம் மறைக்கவும் வேண்டாம், பின்பற்றவும் வேண்டாம். ஆனால் அவர்கள் அறிந்த ஓர் உண்மையை நாம் மறந்துவிட்டோம். பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று வழங்கிய ஏரியை வெட்டியவர்கள் அதோடு நிற்கவில்லை. தூர் வாருவதற்கென்று தனியே பொருள் ஒதுக்கினார்கள். பார்த்துக்கொள்ள வாரியம் வைத்தார்கள். ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகியும் அங்கே தண்ணீர் நிற்கிறது.

சென்னை மியூஸிக் அகாடமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் தோன்றிய சபைக்குச் சொந்த மண்டபம் 1962-ல்தான் வந்தது. முப்பத்து நான்கு வருஷம் சபை இருந்தது, கச்சேரி இருந்தது, ரஸிகர்கள் இருந்தார்கள்; மண்டபம் கடைசியில் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் மண்டபம் முதலில் வந்துவிட்டது. இனிமேல் அதற்கு ஏற்ற சபையை அந்த ஊரார் கூட்ட வேண்டும். வருஷந்தோறும் கணக்கை ஊரறிய வெளியிடும் ஒரு மண்டப வாரியம் வேண்டும். அதில் தவில்காரரும் கூத்துக்காரரும் பாட்டு வாத்தியாரம்மாளும் இருக்க வேண்டும். கடைசி வரிசை ஆசனத்தை ஒரு மீனவர் குடும்பம் வாங்க முடிய வேண்டும். வெளிச் சதுக்கத்தில் மாதம் ஒரு நாளாவது கட்டணமில்லாத கச்சேரி வேண்டும். கட்டிக் கொடுத்தவர்களுக்கும் கடமை இருக்கிறது. சாவியைக் கொடுத்ததோடு தீர்ந்ததென்று எண்ணாமல், பராமரிப்புக்கும் சில காலம் கை கொடுக்க வேண்டும்.

பஸ்ஸுக்காகக் காத்திருக்கையில் நண்பர் மறுபடியும் தம் ஏரிக்கரை மண்டபத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஆசனங்களுக்குச் சிவப்பு வெல்வெட்டா, பச்சை வெல்வெட்டா என்பது வரையில் வந்துவிட்டார்.

"எல்லாம் சரி. முதல் மழையில் கூரை ஒழுகினால் யார் மேலே ஏறுவது?" என்று கேட்டோம்.

நண்பர் சற்று நேரம் யோசித்தார். "அதற்கு ஒரு ஆறு பேரைப் பிடிக்க வேண்டும், ஸார்" என்றார்.

அந்த ஆறு பேரை முதலில் பிடித்துவிட்டால், வெல்வெட்டின் நிறத்தை அப்புறம் தீர்மானித்துக்கொள்ளலாம்.