ஹாக்கி ஆடிய டாக்டர்

2025 ஆகஸ்ட் 14 அன்று கொல்கத்தாவில் டாக்டர் வெஸ் பயஸ் காலமானார். வயது 80. இரங்கல் செய்திகளில் ‘லியாண்டர் பயஸின் தந்தை’ என்ற அடையாளம்தான் முன்னால் நின்றது. தவறில்லை. ஆனால் அந்த மனிதருக்கு அது போதாது.

கோவாவில் பிறந்தவர், கல்கத்தாவைத் தன் ஊராக்கிக்கொண்டார். மருத்துவம் படித்தார். ஹாக்கியில் நடுக்களத்தில் ஆடினார். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் மட்டையைப் பரணில் ஏற்றிவிடுகிற நாடு இது. இங்கே ஒரே ஆள் டாக்டராகவும் ஒலிம்பிக் வீரராகவும் ஆனார் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

1972 மியூனிக் ஒலிம்பிக். அரையிறுதியில் பாகிஸ்தானிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, நெதர்லாந்தை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. அந்த அணியில் வெஸ் இருந்தார். தியான் சந்தின் மகன் அசோக் குமாரும் இருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் வெஸ் வீட்டில் லியாண்டர் பிறந்தார். தாய் ஜெனிஃபர் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். அந்த வீட்டில் விளையாட்டு பொழுதுபோக்காக இருந்திருக்க வழியில்லை.

பிள்ளைக்கு டென்னிஸ் என்று முடிவானதும் தந்தை செய்த காரியம் லேசானதல்ல. 1985-இல், பன்னிரண்டு வயதுப் பையனை மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார். அமிர்தராஜ் குடும்பம் இங்கே நடத்திவந்த ‘பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ்’ பயிற்சிப் பள்ளியில் தங்கித்தான் லியாண்டர் வளர்ந்தார். அந்த வயதுப் பிள்ளையை வேற்றூரில் விட எந்த வீட்டிலும் மனசு வராது. ஐந்தே ஆண்டில் பலன் தெரிந்தது. 1990-இல் பதினாறு வயதில் டேவிஸ் கோப்பைக்கு ஆடினார். அதே ஆண்டு விம்பிள்டன் ஜூனியர் பட்டமும் கிடைத்தது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக். அரையிறுதியில் அகாஸியிடம் தோற்று, மணிக்கட்டிலும் அடிபட்ட நிலையில், பிரேசிலின் மெலிஜெனியிடம் முதல் செட்டை இழந்தும் அடுத்த இரண்டையும் லியாண்டர் எடுத்தார். வெண்கலம். தனிநபர் பிரிவில் 1952-இல் கே.டி. ஜாதவ் வாங்கியதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அப்பாவின் வெண்கலத்துக்குப் பக்கத்தில், 24 ஆண்டுகள் கழித்து மகனின் வெண்கலம்.

பதக்கத்தைவிடவும் வெஸ் பயஸை நினைக்க வேண்டியது அவருடைய பிற்கால வேலைக்காக. விளையாட்டு மருத்துவத்தில் இறங்கினார். டேவிஸ் கோப்பை அணிக்கு டாக்டராக இருந்தார். ஊக்கமருந்துத் தடுப்பு, வயது சரிபார்ப்பு இரண்டிலும் கிரிக்கெட் வாரியத்துக்குத் துணை நின்றார். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்குவது நம் ஊர் மைதானங்களில் பழைய வியாதி. 16 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் பதினெட்டு வயதுக்காரன் பந்து வீசினால், உண்மையிலேயே பதினைந்து வயதான பையன் என்ன செய்வான்? அணியில் அவன் இடம் போய்விடும். அத்தோடு ஆட்டத்தையே விட்டுவிடுவான்.

இந்த வயது மோசடியைப் பிடிக்கத்தான் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வளர்கிற பிள்ளையின் எலும்பு முனையில் குருத்தெலும்புத் தகடு இருக்கும். படத்தில் அது இடைவெளியாகத் தெரியும். வயது ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கி மூடிவிடும். ஒவ்வொரு எலும்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டு எலும்பு வயதைக் கணக்கிடுவார்கள். கைதட்டலோ கேமராவோ கிடைக்காத வேலை. ஆனால் முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்க வழிசெய்யும் வேலை. சொந்தப் பிள்ளையை உலக அளவுக்கு உயர்த்திய தகப்பன், ஊரார் பிள்ளைகளுக்காக இதில் உட்கார்ந்தார் என்பது பெரிய விஷயம்.

இவ்வளவுக்கும் நடுவே ரக்பியையும் விடவில்லை. 1996 முதல் 2002 வரை இந்திய ரக்பி சங்கத்தின் தலைவர் அவர். 1792-இல் தொடங்கிய கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப்புக்கும் தலைவராக இருந்தார்.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில், சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் லியாண்டரின் பெயர் சேர்ந்தது. அதே மேடையில் கௌரவம் பெற்ற இன்னொருவர், அந்த மெட்ராஸ் பள்ளியை நடத்திய குடும்பத்தின் விஜய் அமிர்தராஜ். ஆசியாவிலிருந்து அந்த அரங்குக்குப் போன முதல் ஆண்கள் இவர்கள் இருவரும்தான். மகனை மெட்ராஸுக்கு அனுப்பிய வெஸ் பயஸ் அப்போது உயிரோடு இருந்தார்.