பாக்கு மென்றுகொண்டே புற்றுநோய் பேசுகிறவர்கள்

போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்ததும் சர்க்கரை போடாத காபி ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். சட்டைப்பையிலிருந்த குட்டி டப்பாவின் தலையை அழுத்தி ஒரு மாத்திரையைத் தம்ளருக்குள் தட்டினேன். எதிர் நாற்காலியில் என் சகலை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வாட்ஸ்அப்பில் இன்னும் பணியில் இருப்பவர்.

“என்ன சகலை, இன்னுமா இந்த விஷத்தைப் போட்டுக் குடிக்கிறீங்க? கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சே. பேசாம கருப்பட்டிக்கு மாறுங்க. நானும் சுகர்காரன்தான். மூணு வேளையும் கருப்பட்டி காபிதான், ஒண்ணும் பண்ணலை.”

பாதி வார்த்தைகள் புரியவில்லை. வாய் நிறைய வெற்றிலை பாக்கு. துப்ப இடம் தேடிக்கொண்டே எனக்குப் புற்றுநோய்ப் பாடம் எடுத்தார். பெண் வீட்டார் எதிரில் சண்டை வேண்டாம் என்று அன்றைக்குச் சிரித்துவைத்தேன். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை.

அவர் சொன்ன செய்தி 2023 ஜூலையில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அந்த முகமை அளப்பதில்லை. புற்றுநோயோடு தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவாக இருக்கிறது என்றுதான் பார்க்கும். 2பி என்றால் சான்று சொற்பம். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆசிய நாடுகளின் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அங்கேதான். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டுக் கற்றாழை ஜூஸ் தேடுகிறவர்கள் யாரும் அதைப் பார்த்துப் பதறியதாகத் தெரியவில்லை.

அதே முகமையிடம் முதல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், இதில் ஐயமே இல்லை என்று முத்திரை குத்தியவை அதில் அடக்கம். புகையிலை, மது, கல்நார். அந்த வரிசையில் பாக்கும் உண்டு. 2004-இல் வெளிவந்த அறிக்கையிலேயே வந்தாகிவிட்டது. புகையிலை கலந்த பாக்கு மட்டும்தானே என்று தப்பிக்க வழியில்லை, வெறும் பாக்குதான். வாயின் உள்தோல் விறைத்து, கடைசியில் ஒரு கவளம் சோற்றுக்கு வாய் திறக்க முடியாமல் போகும் நோயும் அதன் உபயம். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். வாய்ப்புற்று என்றால் என்ன என்று அங்கே போய் ஒருநாள் பார்த்து வரலாம்.

ஆக, ஐயமற நிரூபணமானதை மென்றுகொண்டு, சொற்பச் சான்று உள்ளதைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பாக்கைத் தேங்காயோடும் மஞ்சள் பையோடும் வாசலில் நிறுத்திக் கையில் திணித்து அனுப்புவதற்குப் பெயர் மங்கலம்! என் டப்பாவிலிருந்து விழுந்த மிளகளவு மாத்திரை மட்டும் விஷம்.

லியோன் அறிவிப்பு வந்த அதே நாளில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. எந்தக் குடும்பக் குழுவிலும் அது பகிரப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, அஸ்பார்டேமுக்குப் பழைய வரம்பே போதும் என்று உறுதிசெய்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். 120 மாத்திரை. தம்ளருக்கு இரண்டு என்றால் 60 காபி. 60 காபி குடிக்கிறவனுக்கு முதலில் எது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சகலையின் அடுத்த கணையும் எனக்குத் தெரியும்: 2023 மே மாதத்து உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்பாதீர்கள் என்று அது சொல்வது உண்மைதான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரி தாம்பரம் வந்து சேர்வதற்குள் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. பிறவியிலேயே பினைல்கீட்டோன்யூரியா என்ற குறைபாடு இருப்பவர்கள் அஸ்பார்டேமைத் தொடக் கூடாது, டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வேண்டாம் என்பதும் சரி. சகலைக்கு வயது 64.

சரி, கருப்பட்டிக்கு வருவோம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரைக்கும், பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை நெடுகவும், கீற்றுக் கொட்டகை போட்டுக் கருப்பட்டி காபிக் கடைகள். காரை ஓரங்கட்டி இறங்குகிற பாதிப் பேர் சுகர்காரர்கள். வெள்ளைச் சீனிக்குத் தடா, கருப்பட்டிக்குத் தாராளம். பதநீரைக் காய்ச்சி எடுத்தாலும் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்தாலும் மிஞ்சுவதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி, அதுவும் ஒன்றேதான். இரும்புச்சத்து இருக்கிறதாம். இருக்கட்டும், முருங்கைக்கீரையிலும் இருக்கிறது. ரத்தத்துக்குள் போகும் குளுக்கோஸிடம் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை, நீ பனையா கரும்பா என்று.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதன் ருசிக்கு நான் அடிமை. பனையேறிகள் வாழட்டும், அவர்களுக்கு நியாயமான விலை கிடைக்கட்டும். அது பலகாரத்துக்கு ஆகும். நீரிழிவுக்கு மருந்தாக ஆகாது. அந்தக் கொட்டகையில் கொடுப்பதாவது அசல் கருப்பட்டியா? வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சிக் கருப்பட்டி என்றும் வெல்லம் என்றும் விற்றதை உணவுப் பாதுகாப்புத் துறை திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. வெள்ளைச் சீனிக்குப் பயந்து ஓடியவர், கூடுதல் விலை கொடுத்து அதையே பழுப்பு நிறத்தில் குடித்துவிட்டு வருகிறார்.

நம் ஊர் ஆராய்ச்சி வேண்டுமா? கோபாலபுரத்து மோகன் டாக்டரின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சர்க்கரை நோயாளிகள் 179 பேர். காபி, டீயில் போடும் சீனிக்குப் பதில் ஒரு பிரிவினருக்கு சுக்ராலோஸ் என்ற இன்னொரு செயற்கை இனிப்பு, 12 வாரம். சர்க்கரைக் கட்டுப்பாடு கெடவில்லை. எடையும் இடுப்பளவும் கொஞ்சம் குறைந்தன. பிரமாத வெற்றி என்று நான் குதிக்க மாட்டேன். ஆனால் நம்மைப் போலவே காபி, டீ குடிக்கிறவர்களை வைத்துப் பார்த்த சோதனை. மூன்று வேளைக் கருப்பட்டியை வைத்து இப்படி ஒரு சோதனை நடத்தச் சொல்லுங்கள், முடிவைப் பார்ப்போம்.

இந்தப் பயம் பழையது. 1970-களில் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைத் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. கனடா தடை போட்டது. அமெரிக்கா பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சடித்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த எலிகளின் சிறுநீர் வாகு வேறு, மனிதருக்கு அந்த வினை நடப்பதில்லை என்று. 2000-இல் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். நம் வீடுகளில் இன்னும் எடுக்கவில்லை. எலிக்கு வந்ததற்கு இத்தனை கவலைப்படுகிறவர்கள், மனிதருக்கே வருகிற பாக்கை ஏன் விட்டுவைத்தார்கள்?

ஏனென்றால் மாத்திரை ஆய்வகத்தில் பிறந்தது, பாக்கு மரத்தில் காய்த்தது. மரத்தில் காய்த்தது கெடுதல் செய்யாது என்பது இவர்கள் சித்தாந்தம். அரளியும்தான் செடியில் காய்க்கிறது. இந்தச் சித்தாந்தம் காபியோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று மாத்திரையை நிறுத்தி, ஆவாரம்பூ தண்ணீருக்கு மாறியவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். கிட்னியை அரிப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. இன்சுலின் போட ஆரம்பித்தால் அவ்வளவுதான், விடவே முடியாது என்று தள்ளிப்போட்டு, கால் விரலை இழந்தவர் எங்கள் உறவிலேயே உண்டு. அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் நன்றாக இருக்கிறார், இப்போது சிறுதானிய பிஸ்கட்டைப் பரிந்துரைக்கிறார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் முதல் பொருள் கோதுமை மாவோ மைதாவோதான்.

ஸ்வீட் கடைக்காரர்களையும் விட முடியாது. ‘சர்க்கரை இல்லாத’ அல்வா, ‘சர்க்கரை இல்லாத’ மைசூர்பாகு. நெய் அப்படியே, கடலை மாவு அப்படியே. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு கால் கிலோ உள்ளே தள்ளுகிறவருக்கு மறுநாள் மீட்டர் ஏறினால் பழி யாருக்கு? என் மிளகளவு மாத்திரைக்குத்தான்.

ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏழு பேருக்கு ஒருவர். 400 பேர் வரும் மண்டபத்தில் 50 பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு பிளாஸ்க்கில் சீனி போடாத காபி வைக்க எந்தச் சமையல் காண்ட்ராக்டருக்கும் தோன்றுவதில்லை. பால் அண்டாவிலேயே சீனியைக் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். சர்க்கரை இல்லாமல் கொடுங்கள் என்றால், “கம்மியாத்தான் சார் போட்டிருக்கு, குடிங்க” என்று நீட்டுகிறார் பையன். அதற்குள் வாளியோடு இன்னொருவர் வந்து, நான் இலையை மறைப்பதற்குள் ஒரு கரண்டி ஊற்றிவிடுகிறார்.

“வெல்லப் பாயசம்தான் சார். சுகருக்கு ஒண்ணும் பண்ணாது.”