ஒற்றை உலோகத்தை நம்பலாமா?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. 2050ஆம் ஆண்டுக்குள் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜனால் நிறைவு செய்யக்கூடும் என்று, 2022இல் வெளியான நமது தேசிய ஹைட்ரஜன் திட்டம் கூறுகிறது. அந்த ஹைட்ரஜன் எப்படித் தயாரிக்கப்படும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்று பெரும்பாலான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே பெறப்படுகிறது. அப்போது கரியமில வாயுவும் வெளியாகிறது. சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தால் நீரைப் பிரிப்பது தூய்மையான வழி. குறைந்த மின்சாரத்தில் இவ்வினை நடைபெற வினையூக்கி தேவை. இதற்கான கருவிகளில் ஒருவகை, பிளாட்டினத்தையும் இரிடியத்தையும் நம்பியுள்ளது. இரிடியம் மிக அரிதான உலோகம்; அதன் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஒரே இடத்தை நம்பியிருந்தால், அங்கே தடை ஏற்படும்போது உலகமே தவிக்கும்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுபவை உயர் எண்ட்ரோபி உலோகக்கலவைகள். ஐம்பொன்னிலும் ஐந்து உலோகங்கள் உண்டு; ஆனால் அதில் செம்பே மிகுதி. இப்புதிய கலவைகளிலோ ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட உலோகங்கள் ஏறக்குறையச் சம அளவில் கலந்திருக்கும். தைவானிலும் பிரிட்டனிலும் இருந்த ஆய்வாளர்கள் 2004இல் தனித்தனியே இவற்றைப் பற்றி எழுதினர். வினையூக்கியின் மேல் அணுக்கள் இறுக ஒட்டிக்கொள்ளவும் கூடாது. ஒட்டாமல் நழுவவும் கூடாது. பல உலோகங்கள் அருகருகே அமையும்போது, இந்தப் பிடிமானத்தைத் தேவைக்கேற்ப மாற்ற முடிகிறது. இரும்பு, நிக்கல் போன்ற மலிவான உலோகங்களும் இதற்குக் கைகொடுக்கின்றன.

“ஐந்து உலோகங்கள் கலந்த பொருளை மறுபயனீடு செய்வது எளிதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். மேலும், 40 உலோகங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 650,000க்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. அனைத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க இயலாது. எனினும், கணினியின் துணையால் பொருத்தமானவற்றை முதலில் வடிகட்டலாம்.

எனவே, இந்த ஆய்வுக்கு நாம் ஊக்கமளிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. கலவையை உருவாக்கும்போதே அதை மறுபயனீடு செய்யும் வழியையும் திட்டமிட வேண்டும். தூய எரிபொருளுக்காக நாளை புதிய குப்பையைச் சேர்த்தால், அதனால் என்ன பயன்?