ஊதா நிறக் கை

எதிரில் இருப்பவர் சிரித்தால் நம் கன்னத் தசை லேசாக இழுபடும். முகம் சுளித்தால் நம் புருவமும் நெரியும். சுவீடன் உளவியலாளர் உல்ஃப் டிம்பெர்க் 1980களில் முகத்தில் மின்முனை ஒட்டி இதை அளந்து காட்டினார். பிறர் வலி நமக்குள் நுழையும் வழிகளில் இந்த நகலெடுப்பும் ஒன்று என்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் அழும் தாயின் வீடியோவைப் பகிர்கிறோம்.

ஆனால் உடல் ஆள் பார்த்துத்தான் நகலெடுக்கிறது. 2010இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், கையில் ஊசி இறங்கும் காட்சியை வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் காட்டினார்கள். தன் இனத்தவரின் கை என்றால், தனக்கே குத்தியதுபோல் பார்ப்பவரின் கைத் தசைக்குப் போகும் மூளைச் சமிக்ஞை அடங்கியது. அடுத்த இனத்தவரின் கைக்கு அப்படி நடக்கவில்லை. பழக்கமில்லாத நிறம் என்று சமாதானமும் சொல்ல முடியாது; ஊதா நிறக் கைக்கு இரு தரப்பு உடலும் பதறியது! ஊதா மனிதரை வெறுக்க யாரும் கற்றுத்தரவில்லையே.

நம் ஊரில் கையின் நிறம்கூட வேண்டாம். செய்தியில் 'காலனி' என்ற சொல் வந்தாலே போதும், சிலர் முகம் இறுகிவிடும்.

வீடியோவைப் பகிராதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு முன், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானதா, எந்தப் பிரிவுகளில் என்று கேளுங்கள். காவல் நிலையத்தில் யார் முகமும் இளகத் தேவையில்லை. "விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்றால் 18ஏ பிரிவைக் காட்டுங்கள்: முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை.