தகர ரயிலும் பழைய வர்ணமும்

பழம்பொருளைச் செப்பனிடுவதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. கையை எங்கே நிறுத்துவது என்னும் விவேகமும் வேண்டும். இங்கிலாந்தின் பழைய தகர விளையாட்டு ரயில்களே இதற்குச் சாட்சி.

லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி விளையாடும் சாதனத்துக்கு 1901-இல் உரிமை பெற்றார். பிற்பாடு அதற்கு 'மெக்கானோ' என்று பெயர் வந்தது. 1920-இல் அவர் வெளியிட்ட ரயில்களும் அவ்வாறே திருகாணியால் இணைந்தவை. பிள்ளைகளே கழற்றிப் பூட்டலாம். சாவி கொடுத்தால் எஃகுச் சுருள் விரிந்து, 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் வண்டி ஓடும்.

இன்று அவை நம் கைக்கு வரும்போது எண்ணெய் இறுகி, வர்ணம் உதிர்ந்திருக்கும். அக்காலத்துத் துத்தநாக வார்ப்புச் சக்கரங்கள் சில, அதில் கலந்துவிட்ட ஈயத்தின் கேட்டால் உப்பி வெடித்திருக்கும். சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். இல்லாவிடில் வண்டி ஓடாது. வர்ணத்தின் விஷயம் வேறு. புதிதாகப் பூசினால் வண்டி பளபளக்கும். ஆனால் தொழிற்சாலையின் கைவேலையும், எவனோ ஒரு சிறுவன் விளையாடிய தழும்பும் அதோடு மறைந்துபோம். அவற்றை மீட்க வழியில்லை. ஹார்ன்பியின் லிவர்பூல் தொழிற்சாலையும் 1979-இல் மூடப்பட்டுவிட்டது.

துரு தகரத்தையே தின்னத் தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பூசுவது நியாயமே. மற்றபடி அழுக்கைத் துடைத்து, எண்ணெய் இட்டு, சாவி கொடுத்து ஓடவிடுவதே அதற்குரிய மரியாதை என்பது நமது கட்சி.