பத்திரத்தில் ஒரு வரி: தேனி மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேனி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் குவியும் மனுக்களில் ஒரு வகையைத் தங்கள் அலுவலகம் நன்றாக அறியும். வீட்டையும் வயலையும் பிள்ளை பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு ஒரு வேளைச் சோற்றுக்கு முகம் பார்த்து நிற்கிற பெற்றோரின் மனு அது. அந்த மனு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேருவதற்கு மாதங்களோ வருடங்களோ ஆகலாம். ஆனால் அதற்கான முதல் கைநாட்டு விழுவது சார்பதிவாளர் அலுவலகத்தில், பத்தே நிமிடத்தில். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியதே இந்த மடல்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக வயல், பன்னீர் திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் என்று கம்பம் பள்ளத்தாக்கின் சொத்து பெரும்பாலும் மண்ணாகவே இருக்கிறது. சம்பளமும் பென்ஷனும் இல்லாத சம்சாரிக்கு வயதான காலத்துப் பிடிமானமும் அந்த மண்தான். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நிலம் கைமாறிய பிறகு அந்த 1,200 ரூபாயில் மருந்து வாங்குவதா, அரிசி வாங்குவதா?

பிறகு ஏன் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கிறார்கள்? காரணங்கள் பல. பட்டா தன் பேரில் இருந்தால்தான் வங்கிக் கடன் கிடைக்கும் என்று மகன் நச்சரிப்பது ஒன்று. செலவு குறைவு என்பது இன்னொன்று. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 சதவீதம் ஆகிறது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கோ இரண்டும் தலா 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக்கு 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது காரணம், மகளின் பங்கு. 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தன. 2005 திருத்தத்தின்போது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. "இப்பவே எழுதி வச்சிருங்க, பெறகு பொம்பளப் பிள்ளைக கேஸு போட்ருவாக" என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குரிய பங்கை அப்பா தனியாக மகனுக்கு எழுதிவிட முடியாது என்பதை அந்த அவசரத்தில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஊரில் கேட்கப்படும் கேள்விகள் சிக்கலானவை அல்ல. செட்டில்மெண்டா, உயிலா என்பது முதல் கேள்வி. செட்டில்மெண்ட் பதிவான அன்றே உரிமை கைமாறுகிறது. மனம் மாறிவிட்டது என்பதற்காக எழுதியவர் அதைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. உயில் எழுதியவரின் காலத்துக்குப் பிறகே உயிர்பெறும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். ஆனாலும் பதிவு செய்வது பின்னால் வரும் சண்டையைக் குறைக்கும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே விதி இல்லை. கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் குடும்பங்களில் உயில் மூலம் எழுதக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் போனால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு.

மகனுக்குப் 'பவர்' கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. கொடுத்தவர் இறந்தாலோ, சுயநினைவை இழந்தாலோ பவர் பத்திரம் செல்லாது. மறதி நோய் முற்றும் காலத்தில்தான் அது மிகவும் தேவைப்படும். அப்போது அது வெற்றுத்தாள். வங்கியில் நாமினியாகப் போட்ட பிள்ளைக்கே பணம் முழுவதும் சொந்தம் என்பதும் தவறான எண்ணம். பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை நாமினிக்கு, பங்கு எல்லா வாரிசுகளுக்கும்.

அடுத்தது, தங்கள் அலுவலகத்துக்கு நேரடியாக வரும் கேள்வி: எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆவது பிரிவு அதற்கு வழி சொல்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தீர்ப்பாயம் கோட்டாட்சியரிடம், மேல்முறையீடு ஆட்சியரிடம். சிக்கல் 'நிபந்தனை' என்ற இடத்தில் இருக்கிறது.

2022 டிசம்பரில், ஹரியானாவைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், நிபந்தனை இருந்ததை நிரூபிக்காவிட்டால் 23ஆவது பிரிவு உதவாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தாய் தோற்றார். 2025 ஜனவரி 2இல் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் வழக்கில் வேறு முடிவு வந்தது. 2019இல் மகனுக்குத் தான பத்திரம் எழுதிய தாய், அன்றே மகனிடம் பராமரிப்பு வாக்குறுதி ஒன்றும் எழுதி வாங்கியிருந்தார். உட்கோட்ட நடுவரும் ஆட்சியரும் தாய்க்குச் சாதகமாக உத்தரவிட, உயர் நீதிமன்ற அமர்வு அதை மாற்றியது. முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்று சொல்லி, சொத்தைத் தாயிடம் திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மகள்களை விட்டுவிட்டு ஒரே மகனுக்கு எழுதிக் கொடுத்த மூதாட்டியை, மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லை. அன்பின் பேரில் எழுதினேன் என்று அதில் இருந்தாலே பராமரிப்பு எதிர்பார்ப்பும் அதற்குள் அடக்கம் என்று கூறி, கோட்டாட்சியரின் ரத்து உத்தரவை நீதிபதிகள் உறுதி செய்தனர்.

மூன்று தாய்மார்கள். ஒருவர் தோற்றார். வென்ற இருவரும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டார்கள். கூடலூர் மூதாட்டிக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பு ஏது? "எங்களை ஆயுள் வரை பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது, எங்கள் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கவும் விளைச்சலை அனுபவிக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு" என்று பத்திரத்தில் சேர்த்துவிட்டால், நிபந்தனை இருந்ததா என்ற வாதமே எழாது. அந்த வரியைச் சேர்க்க முத்திரைத் தீர்வை கூடப்போவதில்லை. பத்திர எழுத்தருக்கு அது இரண்டு நிமிட வேலை.

ஆகவே தங்கள் முன் வைக்கப்படும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, மாவட்டத்தின் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் இந்த வரியைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்க வேண்டும். சார்பதிவாளர்கள் பதிவுத்துறையின் கீழ் வருபவர்கள் என்பது தெரிந்ததே. ஆனால் பராமரிப்புச் சட்டத்தை மக்களிடம் பரப்புவதை அரசின் கடமையாக அதன் 21ஆவது பிரிவு சொல்கிறது. மாவட்டத்தில் அதை முன்னின்று செய்யத்தக்கவர் ஆட்சியரே. பத்திர எழுத்தர்களை ஒருநாள் அழைத்துப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். எழுதிக் கொடுக்கும் முதியவரிடம் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பத்திரத்தை வாசித்துக் காட்டும் வழக்கத்தையும் பதிவுத்துறையோடு பேசிக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, காலக்கெடு. பராமரிப்பு மனுவை நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் 30 நாள் கூடுதல் என்கிறது சட்டம். பெரியகுளம், உத்தமபாளையம் கோட்டங்களில் எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை 90 நாளைத் தாண்டியது என்ற கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகைக்கு வரட்டும். தீர்ப்பாயம் மனுவுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தானாகவே முன்வந்து எடுக்க 5ஆவது பிரிவு இடம் தருகிறது. கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாத பட்டினி ஊரில் குறைவு.

மூன்றாவது, மலைக்கு அப்பால் உள்ள சொத்து. கம்பத்தில் வசிக்கும் தாய் தன் பராமரிப்பு மனுவைத் தேனி மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆனால் அவர் மகனுக்கு எழுதிய ஏலத்தோட்டப் பத்திரம் பதிவானது கேரளத்தில். இங்கே பிறக்கும் உத்தரவு அங்கே காகிதமாகத் தங்கிவிடாமல் இருக்க, இடுக்கி ஆட்சியரோடு பேசி ஒரு நடைமுறையை வகுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் போக்குவரத்துக்கும் தண்ணீருக்கும் இரண்டு மாவட்டங்களும் பேசும்போது, முதியோருக்காகவும் பேசலாம்.

நான்காவது, முகாம்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதே பல கிராமங்களுக்குப் புதுச் செய்தி. சின்னமனூரிலும் ராயப்பன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் உயில் எழுத உதவும் முகாம் நடத்தினால், அவசரச் செட்டில்மெண்டுகள் குறையும். முதியோர் உதவி எண் 14567 ரேஷன் கடைச் சுவரில் இடம்பெறட்டும்.

பராமரிப்புத் தொகைக்கான 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அதை மாற்றுவது தங்கள் கையில் இல்லை. மேலே சொன்ன நான்குக்கும் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். கம்பம் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் பலகையை வைத்து இதைத் தொடங்கி வைக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது இந்த மடல்.