கேம்பஸ் கிளினிக்: கரன்ட் வந்தா ஏன் ஃபியூஸ் போகுது?

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து, பி.எஸ்சி. படிக்கிற தோழி ஒருவர் கேட்டிருக்கிறார்: ''அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். சேலத்துல அடைப்பை எடுத்துட்டாங்க. 'ரத்தம் நல்லா போகுது'ன்னு சொன்ன கொஞ்ச நேரத்துலயே மானிட்டர்ல துடிப்பு தாறுமாறா ஓடுச்சு. நாங்க அழுறோம், நர்ஸ் அக்கா பதறவே இல்ல! அடைப்பு போனப்புறமும் ஏன் இப்படி? ஆன்டிஆக்ஸிடன்ட் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?''

உங்க பக்கம் தறி ஓடுற வீடுகள்ல கேட்டுப் பாருங்க. கரன்ட் போனா மோட்டார் சும்மாதான் நிக்கும். திரும்ப வர்ற அந்த நிமிஷம்தான் வோல்டேஜ் எகிறி, காயில் கருகும். இதயமும் அப்படித்தான். ரத்தம் நின்னதும் செல்கள் மூச்சடக்கிக் கிடக்கின்றன. திடீர்னு ஆக்ஸிஜன் பாய்ந்ததும், செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியா 'சூப்பர் ஆக்ஸைடு' என்கிற முரட்டு மூலக்கூறைக் கக்குகிறது. அது செல்லின் சவ்வைத் தாக்கும். உள்ளே கால்சியம் கணக்கு தப்பும். ஒரு செல் தெளிந்துவிடும், பக்கத்து செல் இன்னும் மயக்கத்தில் இருக்கும். மின்சார சிக்னல் குழம்ப, துடிப்பும் தடம் மாறும்.

பெரும்பாலும் இதயத்தின் கீழறை கொஞ்ச நேரம் தனியா ஒரு தாளம் போட்டுவிட்டு, தானே அடங்கிவிடும். அடைப்பு திறந்ததுக்கு அது ஒரு அடையாளமும்கூட. நர்ஸ் அக்கா பதறாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனா, கீழறை துடிக்காம வெறுமனே நடுங்க ஆரம்பிச்சா உடனே ஷாக் கொடுத்தாகணும். மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காம இருப்பது அதற்காகத்தான்.

இந்த முரடனை அடக்க உடம்பிலேயே ஸ்டெபிலைசர் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு புரதத்துக்கு இந்த வேலை தெரியும் என்று காட்டினார்கள். பெயர் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ். அது முரடனை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். அடுத்து கேட்டலேஸ் வந்து, அதைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கும். புண்ணில் பெராக்ஸைடு ஊற்றினா பொங்குதே, அது கேட்டலேஸ் கைவரிசைதான்!

'அப்ப இதையே ஊசியா போடலாமே?' போட்டுப் பார்த்தாச்சு மேடம். விலங்கு இதயங்களில் சில பரிசோதனைகள் ஜோராக வேலை செய்தன. மாரடைப்பு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்த ஆய்வு முடிவு 1994-ல் வந்தது. இதயத்தின் பம்ப் பலம் கூடவில்லை. செல்லுக்குள் நடக்கிற சண்டைக்கு, வெளியே ரத்தத்தில் ஓடுகிற போலீஸ் போய்ச் சேருவதே பெரும்பாடு. போதாததற்கு, ஆய்வகத்தில் டோஸ் கூடினபோது பாதிப்பும் கூடியது.

பவுடர்? இந்தப் புரதத்தைச் சாப்பிட்டா, வயிறு அதைப் பருப்பு மாதிரி செரித்துவிடும். வைட்டமின் ஈ மாத்திரையும் 2000-ல் வெளியான பெரிய ஆய்வில் மாரடைப்பைத் தடுக்கவில்லை. டப்பா மேல என்ன எழுதியிருந்தாலும் சரி, காசை பத்திரமா வைங்க.

இன்னொண்ணு. துடிப்பு தடுமாறும்னு பயந்து யாரும் அடைப்பு எடுக்கத் தயங்கக்கூடாது. எடுக்காம விட்டா அந்தத் தசை செத்தே போகும். அதனாலதான் தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம் திட்டம்', ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. நெஞ்சு வலிக்கு சோடா குடிச்சுட்டு உட்கார்ந்தா, ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

அப்பா வீட்டுக்கு வந்தாச்சா தோழி? டாக்டர் எழுதின மாத்திரையை, 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்'னு அவர் நிறுத்தாம பார்த்துக்கோங்க. படபடப்போ மயக்கமோ வந்தா, எங்களுக்கு லெட்டர் போடாதீங்க. 108-க்கு போன் போடுங்க.